பழைய கைமணிக்கூடுகள்: ஒரு சேகரிப்பாளனின் குறிப்புகள்

2017ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி நியூயோர்க்கில் பிலிப்ஸ் ஏல நிறுவனத்தில் ஒரு கைமணிக்கூடு ஏலத்துக்கு வந்தது. தங்கம் இல்லை, வைரம் இல்லை. உருக்கினால் செய்த, நாளாந்தம் கையால் சாவி கொடுக்கவேண்டிய ஒரு ரோலெக்ஸ் டேட்டோனா. தொலைபேசி வழியாக வந்த முதல் கேள்வியே ஒரு கோடி டொலர். பன்னிரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கொமிஷனோடு சேர்த்து விலை 1 கோடியே 77 இலட்சத்து 52 ஆயிரத்து 500 டொலர்.

அந்த மணிக்கூடு ஹொலிவூட் நடிகர் போல் நியூமனுடையது. அவர் காரோட்டப் பந்தயங்களில் ஈடுபடத் தொடங்கிய காலத்தில் மனைவி ஜோன் வூட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. பின்பக்கத்தில் 'கவனமாக ஓட்டுங்கள், நான்' என்ற பொருள்பட மூன்று ஆங்கிலச் சொற்களைப் பொறிக்கச் செய்திருந்தார். கடைசிச் சொல்தான் கையொப்பம். 1984இல் நியூமன் தன் மகளின் காதலனான ஒரு மாணவனிடம் நேரம் கேட்டார். தன்னிடம் மணிக்கூடு இல்லை என்று அவன் சொல்ல, கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்தக் காதல் கலியாணத்தில் முடியவில்லை. மணிக்கூடு மட்டும் அவனோடு தங்கிவிட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அதை விற்றபோது, கிடைத்த பணத்தில் ஒரு பங்கு அந்த மகள் நடத்தும் அறக்கட்டளைக்குப் போனது.

இந்தக் கதையைச் சொன்னால் என் நண்பர்களில் பாதிப்பேர் 'காசு கூடிப்போன ஆட்களின் விசர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக நானும் பழைய மணிக்கூடுகளைச் சேர்த்து வருகிறேன். கோடிகளின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. என் மேசை லாச்சியில் இருப்பவை எல்லாவற்றையும் விற்றால் நன்றாகப் பாவித்த ஒரு கார் வாங்கலாம், அவ்வளவுதான். ஆயினும் சுவிற்சர்லாந்தில் வசிப்பதால் இந்த உலகத்தைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வாய்த்தது. கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

கைக்கு வந்த கதை

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்மகன் மணிக்கூட்டைக் கையில் கட்டுவது கேலிக்குரிய விஷயம். அது சட்டைப்பையில், சங்கிலியில் இருக்கவேண்டிய பொருள். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் நகை. ஜெனீவாவின் பட்டேக் பிலிப் நிறுவனம் 1868இல் ஒரு ஹங்கேரியப் பிரபுவம்சப் பெண்ணுக்காகச் செய்த கைமணிக்கூடும் காப்பு வடிவில் இருந்த நகைதான். விமானம் ஓட்டும்போது சட்டைப்பைக்குள் கைவிட முடியவில்லை என்று பிரேசில் நாட்டு விமானி சன்ரோஸ் துமோன் முறையிட, அவருக்காக 1904இல் பாரிஸ் நகை வியாபாரி லூயி கார்ட்டியே ஒன்றைச் செய்துகொடுத்தார். முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்குத் துப்பாக்கி ஒரு கையிலும் நேரம் மறு கையிலும் வேண்டியிருந்தது. போர் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ரோலெக்ஸ் 1926இல் தண்ணீர் புகாத 'ஒயிஸ்டர்' கேஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டு மெர்சிடிஸ் கிளைற்ஸ் என்ற இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் சிலர் சந்தேகித்ததால் இரண்டாம் முறை நீந்தப் புறப்பட்டபோது ரோலெக்ஸ் தன் மணிக்கூடு ஒன்றை அவரிடம் கொடுத்தது. அவர் அதைக் கையில் கட்டவில்லை, கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குளிர் தாங்காமல் பாதியில் அவரைப் படகில் ஏற்றவேண்டியதாயிற்று. மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது! ரோலெக்ஸ் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதையும் வாங்கி விளம்பரம் போட்டது. விற்பனைக்குக் கதை எவ்வளவு முக்கியம் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிரித்தானிய இந்தியாவில் போலோ விளையாடிய அதிகாரிகளின் மணிக்கூட்டுக் கண்ணாடிகள் பந்தும் மட்டையும் பட்டு உடைந்தவண்ணம் இருந்தன. அதற்கு மாற்றாகக் கேஸைத் திருப்பி முகத்தை உள்ளே மறைத்துக்கொள்ளும் 'ரிவேர்ஸோ' 1931இல் பிறந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் விரும்பித் தேடும் மாதிரிகளில் அதுவும் ஒன்று.

பிறகு வந்தது பேரிடி. 1969ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளன்று யப்பானின் செய்க்கோ நிறுவனம் 'அஸ்ட்ரோன்' என்ற குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை நாலரை இலட்சம் யென், அந்நாளில் ஒரு சிறு காரின் விலை. ஆனால் சில ஆண்டுகளில் குவார்ட்ஸ் விலை அதலபாதாளத்துக்குப் போனது. இயந்திர மணிக்கூடு நாளொன்றுக்குச் சில செக்கன்கள் முன்பின் போகும். குவார்ட்ஸ் மாதமொன்றுக்கே அவ்வளவுதான் பிசகும். 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில், எண்பதுகளின் நடுவில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். யூரா மலைச்சாரலின் ஊர்களில் மூடப்பட்ட தொழிற்சாலைக் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்களின் பொருள் தெரியும்.

லெ லொக்ல் என்ற ஊரில் ஸெனித் நிறுவனம் அப்போது அமெரிக்க முதலாளிகளின் கையில் இருந்தது. இயந்திர மணிக்கூட்டு உற்பத்தியை நிறுத்திக் கருவிகளை விற்றுவிடும்படி 1975இல் உத்தரவு வந்தது. ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி அதற்கு உடன்படவில்லை. 'எல் பிரிமேரோ' என்ற இயந்திரத்தைச் செய்வதற்கான அச்சுகள், வெட்டுக் கருவிகள், வரைபடங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதி, தொழிற்சாலையின் மேல்மாடத்தில் ஒளித்துவைத்தார். எண்பதுகளில் இயந்திர மணிக்கூட்டுக்கு மீண்டும் கேள்வி பிறந்தபோது எல்லாம் அங்கேயே இருந்தன. 1988இல் ரோலெக்ஸ் தன் புதிய டேட்டோனாவுக்கு இயந்திரம் தேடியபோது எடுத்துக்கொண்டதும் அந்த எல் பிரிமேரோவைத்தான். கட்டளையை மீறிய ஒரு தொழிலாளியின் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்த இயந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

நேரம் பார்ப்பதற்கு இயந்திர மணிக்கூடு தேவையற்றுப் போன பிறகுதான் அதைச் சேர்க்கும் ஆட்கள் பெருகினார்கள். குத்துவிளக்கு வரவேற்பறைக்கு வந்தது மின்சாரம் வந்த பிறகுதானே.

தங்கத்தை விட இரும்பு ஏன் விலை கூட?

பழைய மணிக்கூட்டின் விலையைத் தீர்மானிப்பவை மூன்று: அருமை, நிலைமை, பூர்வீகம்.

அருமைக்கு நல்ல உதாரணம் பட்டேக் பிலிப்பின் 1518 என்ற மாதிரி. 1941இல் வெளிவந்தது. திகதி, கிழமை, மாதம், லீப் ஆண்டு எல்லாவற்றையும் தானே கணக்கிடும் நாட்காட்டியும், ஓட்டப்பந்தயம் அளக்கும் நிறுத்துக்கடிகாரமும் ஒரே கேஸுக்குள் இருக்கும்படி தொடராகத் தயாரிக்கப்பட்ட முதல் கைமணிக்கூடு அதுதான். மொத்தம் 281 செய்தார்கள். அநேகமாக எல்லாமே தங்கம். உருக்கில் செய்தவை என்று இதுவரை வெளிப்பட்டவை நான்கே நான்கு. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் 1 கோடியே 10 இலட்சத்து 2 ஆயிரம் பிராங்குக்குப் போனது. அதே மணிக்கூடு 2025 நவம்பரில் மீண்டும் ஏலத்துக்கு வந்து 1 கோடியே 41 இலட்சத்தையும் தாண்டியது. தங்கத்தில் செய்த அதன் சகோதரங்களில் பெரும்பாலானவை இந்த விலைக்குக் கிட்டவும் வருவதில்லை. உலோகத்துக்கு யாரும் விலை கொடுக்கவில்லை; நான்கு என்ற எண்ணுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

நியூமன் கட்டிய டேட்டோனாவின் டயலும் இப்படித்தான். உள்வட்டங்களில் கோடுகளின் நுனியில் சிறு சதுரங்கள், வழமைக்கு மாறான எழுத்துரு. அறுபதுகளின் கடைசியில் கடைக்கு வந்தபோது அது பலருக்குப் பிடிக்கவில்லை. விலை போகாமல் கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்தது. விலை போகாததால் குறைவாகச் செய்தார்கள். குறைவாகச் செய்ததால் இன்று அரிதாயிற்று. அன்றைய வாடிக்கையாளரின் வெறுப்புத்தான் இன்றைய விலைக்கு அத்திவாரம்.

பூர்வீகம் என்பது யார் கட்டினார்கள் என்ற கேள்வி. வியட்னாமின் கடைசி மன்னர் பாவோ டாய், தன் நாட்டை இரண்டாகப் பிரித்த 1954ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டின் காலத்தில் அந்த நகரத்துக்கு வந்திருந்தார். அப்போது ஒரு கடைக்குப் போய், இருப்பவற்றில் மிக அருமையான ரோலெக்ஸை வாங்கினார் என்று சொல்வார்கள். கறுப்பு டயலும் வைரக் குறிகளும் சந்திரப் பிறையும் கொண்ட தங்க மணிக்கூடு. அடுத்த ஆண்டே பதவி போய்விட்டது. மிகுதிக் காலம் பிரான்ஸில் கழிந்து 1997இல் அங்கேயே இறந்தார். அந்த மணிக்கூடு 2017 மே மாதத்தில் 50 இலட்சத்து 66 ஆயிரம் பிராங்குக்கு விலை போனது. பட்டியலில் அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு விலை நினைவில் நிற்கவில்லை. நாடு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு மனிதன் கடைக்குள் நுழைந்து நேரம் காட்டும் பொருள் ஒன்றை வாங்கினான் என்பதுதான் நின்றது.

டயலை வாசிப்பது எப்படி?

மூன்றாவதான நிலைமைதான் சேகரிப்பாளனின் உண்மையான படிப்பு. புதியவர்கள் மினுமினுப்பைத் தேடுவார்கள். பழகியவன் நேர்மாறானதைத் தேடுவான்.

முதலில் இருட்டில் ஒளிரும் பூச்சு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1960களின் ஆரம்பம் வரை அது ரேடியம் கலந்தது. பின்னர் டிரிடியம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கதிரியக்கமற்ற பூச்சுகள் வந்தன. டிரிடியம் டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற சொல்லோடு 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டிரிடியத்தின் அரை ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள் சொச்சம். ஆகவே 1965இல் செய்த மணிக்கூடு இன்று இரவில் பளிச்சென்று ஒளிர்ந்தால் மகிழக்கூடாது. யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். ரேடியத்தின் கதை வேறு. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதனோடு கலந்திருந்த ஒளிரும் பொருள் சிதைந்துவிட்டதால் டயல் இருண்டு கிடக்கும். கதிர்வீச்சு மட்டும் அப்படியே இருக்கும். கதிரியக்கம் அளக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் அது சடசடக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் அந்த டயல்களுக்கு ரேடியம் பூசியவர்கள் இளம்பெண்கள். தூரிகை நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து ஈரப்படுத்தும்படி அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். தாடையெலும்பு உக்கி, இரத்தம் கெட்டுப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்பின் வரலாற்றில் அது முக்கியமான வழக்கு. பழைய ரேடியம் டயலின் மஞ்சள் நிறத்தைச் சேகரிப்பாளர்கள் 'தேன் நிறம்' என்று கொஞ்சுவதைக் கேட்கும்போது அந்தப் பெண்களின் நினைப்பு வரும். (அப்படியான மணிக்கூட்டை வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்கவேண்டாம். அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகக்கூடாது.)

அடுத்தது டயலின் நிறம். ஐம்பது, அறுபதுகளில் செய்த சில கறுப்பு டயல்கள் வெயிலும் ஈரப்பதனும் பட்டு மண்ணிறமாக மாறிவிட்டன. வண்ணப்பூச்சின் குறைபாடு அது. ஒருகாலத்தில் கடைக்காரர்கள் இலவசமாகப் புது டயல் மாற்றிக் கொடுப்பார்கள். இன்று அதற்கு 'ட்ரொப்பிக்கல்' என்று பெயர். கறுப்பாகவே இருப்பதை விடப் பல மடங்கு விலை. எங்கள் ஊர் வெயிலுக்கும் ஒரு விலை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேஸ். பட்டி மாட்டும் காதுகளின் விளிம்புகள் முதலில் கூராக இருக்கும். ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் கொஞ்சம் உலோகம் போகும். மூன்று நான்கு முறை மினுக்கிய மணிக்கூடு, சப்பி வைத்த இனிப்புப் போல வழுவழுத்துவிடும். கீறல்கள் நிறைந்த, ஆனால் விளிம்பு கெடாத கேஸுக்குத்தான் மதிப்பு.

நான்காவது எண்கள். இயந்திரத்தில் ஓர் எண், கேஸில் ஓர் எண். பட்டேக் பிலிப் போன்ற சில நிறுவனங்கள், இந்த எண் கொண்ட மணிக்கூடு இன்ன டயலோடு இன்ன நாளில் விற்கப்பட்டது என்று தம் பழைய பதிவேட்டிலிருந்து சான்று எழுதித் தருவதுண்டு. ரோலெக்ஸ் அப்படிப் பதிவேட்டுச் சான்று தருவதில்லை. ஆகவே ரோலெக்ஸ் சேகரிப்பவர்கள் கண்ணையும் அனுபவத்தையும் நம்பவேண்டியவர்கள்.

31 இலட்சம் பிராங்க் மணிக்கூடு

இவ்வளவு சோதனைகளுக்குப் பிறகும் என்ன நடக்கலாம் என்பதற்கு ஒரு சம்பவம்.

ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டர் 1957இல் காரோட்டப் பந்தயக்காரருக்காக வந்தது. 1965இல் நாசா அதைச் சோதித்து விண்வெளிப் பயணங்களுக்கு ஏற்றுக்கொண்டது. 1969 யூலையில் சந்திரனில் இறங்கியபோது நீல் ஆம்ஸ்ட்ரோங் தன்னுடையதைக் கலத்துக்குள் விட்டுவர, பஸ் ஓல்ட்றின் கட்டியிருந்ததுதான் சந்திரத் தரையில் நடந்தது. (அது பிறகு அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்ட வழியில் காணாமற்போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.) ஆகவே 1957இல் தொடங்கிய முதல் மாதிரியான 2915-1க்குப் பெரிய மவுசு.

2021 நவம்பரில் அந்த மாதிரியில் ஒன்று, டயல் மண்ணிறமாக மாறிய நிலையில், ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. 80,000 முதல் 120,000 பிராங்க் வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனதோ 31 இலட்சத்து 15 ஆயிரத்து 500 பிராங்க். ஸ்பீட்மாஸ்டர் ஒன்று அதுவரை காணாத விலை. வாங்கியது யார் என்பது பிறகு தெரியவந்தது: ஒமேகாவேதான். தன் அருங்காட்சியகத்துக்காக.

2023இல் சுவிஸ் பத்திரிகையான 'நொய்யே சூர்ஹர் ற்சைற்றுங்' விஷயத்தை வெளிக்கொணர்ந்தது. அந்த மணிக்கூடு ஒரே நாளில் ஒரே மேசையில் பிறந்ததல்ல. வெவ்வேறு மணிக்கூடுகளின் பாகங்களைப் பொருத்திச் செய்யப்பட்டது. பாகங்களில் பெரும்பாலானவை அசலான ஒமேகா பாகங்கள்தான். சேர்க்கைதான் பொய். இப்படிப்பட்டவற்றைச் சேகரிப்பாளர்கள் 'பிராங்கன் வாட்ச்' என்பார்கள், மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலில் பல பிணங்களின் உறுப்புகளால் உருவான பிராணியை நினைத்து. தன் முன்னாள் ஊழியர்கள் மூவர் இதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்றும், தான் ஏமாற்றப்பட்டதாகவும் ஒமேகா அறிவித்தது. அந்த மூவரில் ஒருவர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தவர்.

இதை வாசித்தபோது எனக்கு ஏடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு பழம்பாடலில் விட்டுப்போன அடியை இடைக்காலத்தில் ஒரு புலவர் தன் கைச்சரக்கால் நிரப்பிவிடுகிறார். சொல்லும் அழகு, யாப்பும் சரி. ஆனால் பதிப்பாசிரியருக்கு அது உபகாரமல்ல, உபத்திரவம். செல்லரித்த இடத்தில் புள்ளிகளிட்டுவிட்டு நகர்வதுதான் நேர்மை. உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துவைத்த உழைப்பின் பெறுமதியை ஒரு மணிக்கூட்டு மோசடி எனக்கு மீண்டும் உணர்த்தியது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: இது வந்தபடியே இருக்கிறதா, யாரேனும் திருத்தினார்களா?

எங்கள் வீட்டு லாச்சிகளில்

இதுவரை சொன்னவை கோடிகளின் உலகம். எங்களுக்கு நெருக்கமான பகுதி இனித்தான்.

இணைய ஏலங்களில் பழைய சுவிஸ் மணிக்கூடுகள் மிக மலிவாக, மிகப் புதிதாக, கண்ணைப் பறிக்கும் நீலம், சிவப்பு, பச்சை டயல்களோடு வருவதைக் கண்டிருப்பீர்கள். பல இந்தியாவிலிருந்து வருபவை. சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் 'மும்பாய் ஸ்பெஷல்'. பழைய பேவ்ர் லூபா, எச்.எம்.டி. போன்றவற்றின் டயலைச் சுரண்டிப் புதிதாக வண்ணமடித்து, கிடைத்த முள்ளைப் பூட்டி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவை. செய்பவர்களின் கைத்திறனைக் குறைசொல்ல வரவில்லை. பழையதை ஓடவைத்துப் பிழைக்கும் தொழில் அது. ஆனால் அறுபதாம் ஆண்டுப் பொருள் என்று நம்பி வாங்குபவர் வாங்குவது சென்ற மாதத்து வண்ணத்தை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் இருக்கும் என் பாடசாலை நண்பன் ஒரு படம் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். அவனுடைய அப்பாவின் ஒமேகா. ஐம்பதுகளின் நடுவில் முதல் நியமனம் கிடைத்தபோது கொழும்பில் வாங்கியதாம். டயல் வெளிறி, நாலு மணிக்கு அருகே ஈரம் பட்ட ஒரு கறை.

"மச்சான், மகனுக்கு ஆவணியில கலியாணம். அதுக்கு முதல் இதைப் புதுசாக்கிக் குடுக்கவேணும். சென்னையில ஒருத்தர் டயலை அச்சொட்டா எழுதித் தருவாராம். நீ என்ன சொல்லுறாய்?"

"மெஷினைக் கழுவி எண்ணெய் விடு. டயலில கைவைக்க விடாதை."

"கறையோட எப்பிடிக் குடுக்கிறது?"

"முதல் அங்க ஒரு நல்ல ஆளிட்டக் குடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லு. உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு."

அதற்குக் காரணம் இருந்தது. மணிக்கூடு திருத்துபவர்கள் வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் சிறு குறி கீறிவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆண்டு, மாதம், தம் பெயரின் முதலெழுத்து, சிலவேளை பற்றுச்சீட்டு எண். அடுத்த முறை வரும்போது தான் திருத்தியதுதானா என்று அறிவதற்கு. வெளியே தெரியாது. பாவிப்பவருக்கே தெரியாது.

இரண்டு கிழமையில் படம் வந்தது. உருப்பெருக்கிப் பார்த்தோம். ஐந்து குறிகள். 59, 64, 70, 76, 82. கடைசி மூன்றிலும் பக்கத்தில் 'க' என்று ஒரு தமிழ் எழுத்து, ஒரே கையால். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது மணிக்கூடு கழுவவேண்டிய சரியான இடைவெளி. யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியாரும் ஒரு மணிக்கூட்டுக்காரரும் ஒழுங்காகச் சந்தித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். 82க்குப் பிறகு குறி இல்லை. ஏன் இல்லை என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

டயலை எழுதும் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. ரொறன்ரோவில் திருத்தியவர் இயந்திரத்தைக் கழுவி எண்ணெயிட்டு, புதுப் பட்டி மாட்டி, தன் பங்குக்கு ஆறாவது குறியையும் உள்ளே கீறிக் கொடுத்தார். அப்படிச் செய்யும்படி கேட்டவன் என் நண்பன்தான்.

சந்தையில் அந்த ஒமேகாவுக்குச் சில நூறு டொலருக்கு மேல் கிடைக்காது. இதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். அப்பாவின் பழைய மணிக்கூடு கோடி பெறும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஐம்பது, அறுபதுகளில் இலட்சக்கணக்கில் செய்த பொருட்கள் அவை. முதலீடாகவும் நினைக்கவேண்டாம். 2020க்குப் பிறகு ஏறிய மணிக்கூட்டு விலைகள் 2022இன் நடுவிலிருந்து எப்படி இறங்கின என்பதைக் கடன்பட்டு வாங்கியவர்கள் சொல்வார்கள். பிடித்ததை, கையிலிருக்கும் காசுக்கு வாங்குவது ஒன்றே இந்தப் பொழுதுபோக்கில் நட்டமில்லாத வழி.

வீட்டில் பழைய மணிக்கூடு வைத்திருப்பவர்களுக்கு என் யோசனைகள் சில:

நின்றுபோன மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துப் பலாத்காரமாக ஓட்டாதீர்கள். எண்ணெய் காய்ந்திருக்கும், ஓடினால் பற்சில்லுகள் தேயும். முதலில் கழுவி எண்ணெயிட வேண்டும்.

திருத்தக் கொடுக்கும்போது 'மினுக்கவேண்டாம், டயலையும் முள்ளையும் மாற்றவேண்டாம்' என்று எழுத்தில் கொடுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் கழற்றிய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பதை நம்பிக் கை கழுவாதீர்கள். அந்த இறப்பர் வளையங்கள் எப்போதோ உக்கிப்போயிருக்கும்.

பற்றுச்சீட்டு, பெட்டி, அதை அணிந்திருப்பவரின் பழைய படம் எது இருந்தாலும் மணிக்கூட்டோடு சேர்த்து வையுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு வாங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள். ஏலக்காரர்கள் பூர்வீகம் என்று சொல்வது இதைத்தான். போல் நியூமனின் மணிக்கூட்டிலும் விலை போனது மனைவி எழுதிய மூன்று சொற்கள்தானே.

கடைசியாக, அதைக் கட்டுங்கள். வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் மணிக்கூடு நின்றுபோகும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே தன் குறியைக் கீறிவிட்டு மூடினால், அது எங்களுக்குப் பிறகும் ஓடும்.